லட்சம் பேர் ‘பால்’ என்று கத்துவது ஏன்? ஆஸ்திரேலியக் கால்பந்தில் பிடி போடும் நடுக்கள வீரர் பற்றி ஓர் எளிய விளக்கம்

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். இறுதிப் போட்டி நாள் என்பதால் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். ஒருவர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார். பக்கவாட்டிலிருந்து இன்னொருவர் பாய்ந்து அவரைக் கட்டிப்பிடிக்கிறார். அடுத்த நொடி அரங்கம் முழுவதும் ஒரே குரலில் கத்துகிறது: “பா...ல்!” முதல்முறை கேட்கும் தமிழ்க் காதுக்கு, ஊரே திரண்டு பால் கேட்பது போலத்தான் இருக்கும். உண்மையில் அவர்கள் நடுவரிடம் ஒரு தீர்ப்பைக் கேட்கிறார்கள். அந்தத் தீர்ப்பு என்னவென்று புரிந்துவிட்டால் இந்த ஆட்டத்தின் பாதி புரிந்துவிடும்.

ஆஸ்திரேலியக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் ஐந்து நிமிடம் பார்த்தவர்கள் சொல்லும் வாசகங்கள் இரண்டு. ஒன்று, “இது விதியே இல்லாத அடிதடி.” மற்றொன்று, “ரக்பி மாதிரிதான்.” இரண்டும் தவறு. இந்த இரண்டு தவறுகளாலும் அதிகம் நட்டப்படுகிறவர், நடுக்களத்தில் நின்று எதிராளிகளைப் பிடித்து நிறுத்துவதையே முதல் வேலையாகக் கொண்ட வீரர். ‘முரடர்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவரை முடித்துவிடுகிறார்கள். அவர் செய்யும் வேலையில் முரட்டுத்தனத்தின் பங்கு சிறியது.

ஆட்டம், தேவையான அளவுக்கு மட்டும்

1859-ல் மெல்பர்ன் கால்பந்துக் கழகத்தைச் சேர்ந்த சிலர் கூடிப் பத்து விதிகளை எழுதினார்கள். அவர்களில் முக்கியமானவர் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடல் தளர்ந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடப் பழகியதால் களம் இன்றும் முட்டை வடிவத்தில் இருக்கிறது. நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை இருக்கலாம். எல்லா மைதானங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் கோல், ஆறு புள்ளிகள். பக்கத்து இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, ஒரு புள்ளி. ஆட்டம் நான்கு கால்பகுதிகளாக நடக்கும். ஒவ்வொன்றும் பெயருக்கு 20 நிமிடம். பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தைக் கூட்டினால் அரை மணியை நெருங்கிவிடும்.

பந்தைச் சக வீரரிடம் சேர்க்க இரண்டே வழிகள். காலால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இந்தக் குத்துக்குப் பெயர் ‘ஹேண்ட்பால்’. சாதாரணக் கால்பந்தில் குற்றமாக இருக்கும் அதே பெயர் இங்கே அன்றாட வேலை. ஆனால் எறியக் கூடாது. எறிவது குற்றம் என்ற இந்தச் சின்ன விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பந்தோடு ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்டி எடுக்க வேண்டும். குறைந்தது 15 மீட்டர் பறந்து வந்த உதையைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் அது ‘மார்க்’. பிடித்தவரை யாரும் நெருங்க முடியாது, நிதானமாக உதைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: ஆஃப்சைடு கிடையாது. ஆட்டம் ஓடும்போது யாரும் எங்கும் நிற்கலாம். ரக்பியில் இரண்டு அணிகளும் எதிரெதிர்ச் சுவர்களாக நிற்பதால் ஆபத்து பெரும்பாலும் முன்னாலிருந்து வரும். இங்கே முன்னால், பின்னால், இரு பக்கம் என எல்லாத் திசையும் ஆபத்துதான்.

இதுவரை: பந்தை உதைக்கலாம், குத்தலாம், எறியக் கூடாது. மார்க் பிடித்தவர் பத்திரம். பந்து வைத்திருக்கும் மற்ற எல்லோரையும் எந்தத் திசையிலிருந்தும் பிடிக்கலாம்.

சிதறுதேங்காயும் நடுக்களமும்

ஒவ்வொரு கால்பகுதியின் தொடக்கத்திலும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து மைதானத்தின் நடுவுக்கு வரும். அங்கே 50 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம் வரையப்பட்டிருக்கும். அதற்குள் அணிக்கு நான்கு பேர் மட்டுமே நிற்கலாம். நடுவர் பந்தை மேலே எழுப்புவார். நெடுங்காலமாக அதைத் தரையில் ஓங்கி அடித்துத் துள்ள வைப்பதே வழக்கமாக இருந்தது. ஒவ்வோர் அணியிலும் மிக உயரமான ஒருவர் எகிறி, பந்தைத் தன் ஆட்களை நோக்கித் தட்டிவிடுவார். அவர் ‘ரக்’. கீழே காத்திருக்கும் மற்ற மூவரும் நடுக்கள வீரர்கள்.

பந்து யாருக்கும் சொந்தமில்லாமல் கீழே இறங்கும் அந்தக் கணத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் உடைக்கும் சிதறுதேங்காய்தான் நினைவுக்கு வருகிறது. தேங்காய் தெறித்ததும் ஒரு பையன் தலைகீழாகப் பாய்ந்து துண்டை எடுப்பான். இன்னொருவன் கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டு “இங்கே போடு” என்பான். மூன்றாவது பையன் ஒருவன் உண்டு. அவன் தேங்காயைப் பார்க்கவே மாட்டான். யார் எடுக்கப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பான். எடுத்தவன் நிமிர்வதற்குள் அவன் சட்டையைப் பிடித்திருப்பான். நம் கட்டுரை இந்த மூன்றாவது பையனைப் பற்றியது.

நடுவர் பந்தை மேலே போட்டோ, எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறிந்தோ ஆட்டத்தை மறுபடி தொடங்கும் ஒவ்வொரு தருணமும் ‘ஸ்டாப்பேஜ்’. அந்த நெரிசலிலிருந்து பந்தை வெளியே கொண்டுவருவது ‘கிளியரன்ஸ்’. ஓர் ஆட்டத்தில் இப்படிப் பல பத்து தடவை தேங்காய் உடையும்.

பிடி என்றால் என்ன?

பந்து வைத்திருப்பவரைக் கைகளால் பற்றி நிறுத்துவது ‘டாக்கிள்’. கபடி பார்த்துப் பழகிய நமக்கு அதைப் ‘பிடி’ என்று சொன்னாலே போதும். கபடியில் பாடி வருபவரைப் பிடிப்பவர் செய்யும் கணக்கெல்லாம் இங்கேயும் உண்டு: எப்போது பாய்வது, எந்தப் பக்கம் அணைப்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது. ஆனால் இரண்டு பெரிய வேறுபாடுகள்.

முதலாவது, பிடிக்கும் இடம். கபடியில் கணுக்காலைப் பிடிப்பது ஒரு கலை. இங்கே தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலேதான் கை படலாம். கழுத்திலோ தலையிலோ பட்டால் எதிரணிக்கு ‘ஃபிரீ கிக்’, அதாவது தொந்தரவில்லாமல் உதைக்கும் உரிமை. காலைத் தட்டினாலும் அப்படியே. முதுகில் தள்ளினாலும் அப்படியே. பந்து இல்லாத ஆளைப் பிடித்தாலும் அப்படியே. ஆஃப்சைடு இல்லாத ஆட்டத்தில் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்கிறவர்தான் அதிகம், அவருக்குத்தான் முதுகில் தள்ளக் கூடாது என்ற தடை. ஓடுகிறவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, விழும்போது அவர்மேல் விழாமல் பக்கவாட்டில் புரண்டு விழ வேண்டும். நின்ற இடத்தில் கற்பனை செய்து பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும்.

இரண்டாவது வேறுபாடு, பிடித்த பிறகு என்ன கிடைக்கிறது என்பது. ரக்பியில் ஒருவரைப் பிடித்து வீழ்த்தினால் அவருடைய முன்னேற்றம் நிற்கும். பந்து பெரும்பாலும் அவர் அணியிடமே இருக்கும். அதனால் அங்கே பிடி என்பது ஒரு தடுப்புச் சுவர். ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஒரே ஒரு நல்ல பிடி பந்தையே கைமாற்றிவிடும். கூட்டம் ‘பால்’ என்று கத்துவது அதனால்தான்.

அந்தத் தீர்ப்பு

விதியின் பெயர் ‘ஹோல்டிங் த பால்’, பந்தை வைத்துக்கொண்டே இருந்த குற்றம். மைதானத்தில் மிக அதிகமாகச் சண்டை கிளப்பும் விதி இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கடன் வாங்கிய ஒருவரைக் கடன் கொடுத்தவர் வழியில் மடக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்கி ஒரு வாரமாகிறது, தர நேரம் இருந்தது, தரவில்லை. இப்போது பிடிபட்டால் சாக்குச் சொல்ல வழியில்லை. வேறொருவர் சம்பள உறையைக் கையில் வாங்கிய நொடியிலேயே மடக்கப்படுகிறார். அவர்மேல் தப்பில்லை. ஆனால் ஒன்று: கொடுக்க முனைவதுபோல உறையைப் பிரிக்கவாவது வேண்டும். உறையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு குப்புறப் படுத்துக்கொண்டால் அவரும் குற்றவாளிதான்.

விதியும் இதையேதான் சொல்கிறது. பந்து கைக்கு வந்த பிறகு அதை உதைக்கவோ குத்தவோ நியாயமான நேரம் கிடைத்ததா? அந்த நேரத்துக்கு ‘முன்வாய்ப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். முன்வாய்ப்பு இருந்தவர் பிடிபட்டதும் உடனே முறைப்படி பந்தை வெளியேற்றாவிட்டால், பிடித்தவருக்கு ஃபிரீ கிக். எறிந்தாலும், நழுவவிட்டாலும் அது முறையல்ல. முன்வாய்ப்பு இல்லாதவர் வெளியேற்ற உண்மையாகவே முயன்று, கை கட்டுண்டதால் முடியாமல் போனால், நடுவர் ஆட்டத்தை நிறுத்திப் பந்தை மேலே போடுவார், யாருக்கும் லாபமில்லை. தரையில் கிடந்த பந்தைத் தானே வலிந்து தன் உடலுக்கடியில் இழுத்துக்கொண்டவருக்கு இந்தச் சலுகையும் இல்லை.

நியாயமான நேரம் என்றால் எத்தனை நொடி? அங்கேதான் வம்பு. கடிகாரம் சொல்ல முடியாது, நடுவரின் கண் சொல்ல வேண்டும். 2024 பருவத்தின் நடுவில், பிடிபட்ட பிறகு பந்தை வெளியேற்றத் தரும் அவகாசத்தைக் குறைக்கும்படி நடுவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. விதிப் புத்தகத்தின் வாசகம் பெரிதாக மாறவில்லை. பிடிப்பவருக்குக் கிடைக்கும் பலன் கூடியது. என் கருத்து, இது சரியான மாற்றம். நன்றாகப் பிடித்தவனுக்கு ஒன்றும் தராத ஆட்டத்தில் யார் பிடிப்பார்கள்?

ஆனால் ஃபிரீ கிக் கிடைக்கும் பிடியை மட்டும் எண்ணுபவர் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார். மிகச் சாதாரணமாக நடப்பது வேறு. கை பட்ட நொடியில் பந்துக்காரர் பதறி, பார்க்காமல், நிலைதவறி எங்கோ உதைக்கிறார். பந்து அவர் நினைத்த ஆளுக்குப் போகவில்லை. பிடித்தவரின் பின்வரிசைத் தோழர் அதைச் சுலபமாக மார்க் பிடிக்கிறார். விசில் இல்லை, கூச்சல் இல்லை, ஆனால் வேலை முடிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் வருகை மட்டும்கூடப் போதும். ஒருவர் தன்னை நோக்கி ஓடி வருகிறார் என்று தெரிந்ததும், அரை நொடி முன்னதாகவே உதைத்துவிடுபவர்கள் உண்டு.

இதுவரை: பிடிப்பவர் பந்துக்காரரின் நேரத்தைப் பிடுங்குகிறார். நேரம் போனால் மூன்றில் ஒன்று நடக்கும். ஃபிரீ கிக், அல்லது புதிய ஸ்டாப்பேஜ், அல்லது மோசமான உதை. தவறாகப் பிடித்தால் நான்காவதும் உண்டு, எதிரணிக்கு ஃபிரீ கிக்.

கோழி பிடிக்கும் வித்தை

முற்றத்தில் திரியும் கோழியை நேராக ஓடிப் பிடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும்: கோழி கடைசி நொடியில் பக்கவாட்டில் நழுவிவிடும், நாம் மண்ணில் கிடப்போம். அனுபவப்பட்ட பாட்டி ஓடமாட்டார். இரண்டு கைகளையும் விரித்து, மெல்ல நடந்து, வேலி மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு போய், கோழிக்கு ஒரே வழி மிஞ்சும்போது குனிவார்.

நடுக்கள வீரரின் பாடமும் இதுதான். தொலைவில் வேகமாக வரலாம். நெருங்கியதும் எட்டு வைப்பதைச் சுருக்கி, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளி எந்தப் பக்கம் திரும்பினாலும் திரும்பத் தயாராக நிற்க வேண்டும். பாய்ந்து தவறவிடுவது சும்மா நிற்பதைவிடக் கெட்டது. தவறவிட்டவர் தரையில், பந்துக்காரருக்கு முன்னால் திறந்த வெளி. எனவே சில நேரம் பிடிக்காமலிருப்பதே நல்ல ஆட்டம். எல்லைக்கோட்டை நோக்கி ஒதுக்கி, நல்ல காலால் உதைக்க விடாமல் மறு பக்கம் திருப்பி, தோழர்கள் வந்து சேரும்வரை காலம் கடத்துவது. புதியவர்கள் இதைத் தயக்கம் என்று நினைத்துத் திட்டுவார்கள்.

பிடிக்கும்போதும் குறி உடம்பல்ல. பந்தைப் பிடித்திருக்கும் கை. ஒரு கையை விலாவோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஹேண்ட்பால் போயிற்று, ஏனெனில் குத்துவதற்கு இரண்டு கைகளும் வேண்டும். இடுப்பைத் திருப்பிவிட்டால் உதையும் போயிற்று. எறியவும் கூடாது என்று முன்பு சொன்னோமல்லவா? பூட்டு அங்கே விழுகிறது. எதிராளி கீழே விழுந்தாரா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். நின்ற நிலையில் சட்டையை மட்டும் பற்றி நிறுத்தினாலும் அது முழுமையான பிடியே.

நிற்கும் இடம் இதைவிட முக்கியம். ஸ்டாப்பேஜில் மூன்று நடுக்கள வீரர்களும் பந்தின் மேல் பாய்ந்தால், அது எதிரணியிடம் போனதும் பின்னால் காவலே இருக்காது. ஆகவே ஒருவர் எப்போதும் எதிராளிக்கும் அவர் தாக்கப்போகும் கோலுக்கும் நடுவே நிற்பார். பந்து தன் அணிக்குக் கிடைத்தால் அவர் நின்றது வீண். கிடைக்காவிட்டால் அவர்தான் முதல் கதவு. நூறு தடவையில் ஐம்பது தடவை வீணாக நிற்கச் சம்மதிப்பவர்தான் இந்த வேலைக்கு ஏற்றவர். நடுக்கள வீரர் ஓர் ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் ஓடுவார். அதில் பந்துக்காக ஓடுவதைவிட, பந்து போகக்கூடிய இடத்தை அடைக்க ஓடுவது அதிகம்.

உள்ளே, வெளியே, நிழல்

நடுக்கள வீரர்கள் எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கூட்டத்துக்குள் குனிந்து பந்தை எடுப்பவர் ‘உள்வீரர்’. வெளியே ஓடி வாங்கி, தொலைதூரம் உதைப்பவர் ‘வெளிவீரர்’. பிடி போடும் வீரர் பெரும்பாலும் முதல் வகையில் வருவார். குனிந்து பந்தை எடுக்க முடிகிறவருக்கு, குனிந்து எடுப்பவரைப் பிடிக்கவும் தெரியும்.

மூன்றாவது வகை ‘டேகர்’. எதிரணியின் மிகச் சிறந்த நடுக்கள வீரர் ஒருவரை மட்டும் நிழலாகத் தொடர்பவர். பந்து எங்கே போனாலும் சரி, இவர் அந்த ஆளின் தோளோரம். டேகரும் பிடி போடும் வீரரும் ஒருவரே என்று பலர் எழுதிவிடுகிறார்கள். டேகருக்கு ஆள் முக்கியம். பிடிவீரருக்குப் பந்து யாரிடம் இருக்கிறதோ அவர் முக்கியம். ஒரே மனிதர் இரண்டையும் செய்யலாம், அது வேறு. ஜீலாங் அணியின் கேமரன் லிங் டேகராகப் பெயர் பெற்றவர். 2007, 2009, 2011 ஆண்டுகளில் கோப்பை வென்ற அணிகளில் இருந்தார். மூன்றாவது தடவை அவரே தலைவர்.

உருவம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் பொதுவான தப்பெண்ணம். ஃபுட்ஸ்கிரே அணிக்கு ஆடிய டோனி லிபரட்டோரின் உயரம் 163 சென்டிமீட்டர். விடாமல் துரத்திப் பிடிப்பதில் அந்தக் காலத்தில் அவருக்குத் தனிப் பெயர் இருந்தது. 1990-ல் அவர் பிரவுன்லோ பதக்கம் வென்றார். பருவத்தின் சிறந்த வீரருக்கான அந்தப் பதக்கத்துக்கு வாக்களிப்பவர்கள் களத்தில் நிற்கும் நடுவர்களே; ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் மூன்று, இரண்டு, ஒன்று என வாக்குப் போடுவார்கள். அவருடைய மகன் டாம், நெரிசலுக்குள்ளேயே குடியிருப்பவர் என்று சொல்லத்தக்க உள்வீரராக அதே கழகத்தில் வளர்ந்தார்.

பெண்கள் லீக் 2017-ல் தொடங்கியது. களத்தில் அணிக்கு 16 பேர். அடிலெய்டின் எபனி மரினோஃப் முதல் பருவத்திலேயே சிறந்த இளம் வீராங்கனை விருது பெற்றார். 2024-ல் லீக்கின் சிறந்த வீராங்கனையும் ஆனார். அவர் ஆட்டத்தின் அடித்தளம் பிடிதான். இந்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவரைப் பார்க்கச் சொன்னால், நான் அவரைத்தான் சொல்வேன்.

2005: அழகில்லாத ஆட்டம்

பிடியை மையமாக வைத்து ஓர் அணியையே கட்ட முடியுமா? சிட்னி ஸ்வான்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் ரூஸ் கட்டினார். நட்சத்திரங்களை நம்பாமல், ஒவ்வொரு நெரிசலிலும் எதிரணிக்கு மூச்சுவிட நேரம் தராத ஆட்டம். பிரட் கர்க், ஜூட் போல்ட்டன் போன்றவர்கள் நடுக்களத்தில் இருந்தார்கள். கர்க், அணியின் முதன்மைப் பட்டியலில்கூட இல்லாமல் பயிற்சிநிலைப் பட்டியலிலிருந்து மேலே வந்தவர்.

பார்ப்பதற்கு அது அழகாக இல்லைதான். ஸ்டாப்பேஜுக்கு மேல் ஸ்டாப்பேஜ், கோல்கள் குறைவு. 2005 பருவத்தின்போது லீக்கின் தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ டெமெட்ரியூவே இந்தப் பாணியை வெளிப்படையாகக் குறைகூறினார். இப்படி ஆடினால் அதிகம் ஜெயிக்க முடியாது என்றார். அதே ஆண்டு இறுதிப் போட்டிக்கு ஸ்வான்ஸ் வந்தது. எதிரே வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ். அவர்கள் நடுக்களத்தில் 2004-ன் பிரவுன்லோ பதக்க வீரர் கிறிஸ் ஜட், 2005-ன் பிரவுன்லோ பதக்க வீரர் பென் கசின்ஸ். ஜட் அன்று ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனாலும் ஸ்கோர்: சிட்னி 58, வெஸ்ட் கோஸ்ட் 54. இரு அணிகளும் சேர்ந்து போட்டது 15 கோல்கள் மட்டுமே. சவுத் மெல்பர்ன் என்ற பழைய பெயரில் 1933-ல் வென்ற பிறகு, 72 ஆண்டுகள் கழித்து அந்தக் கழகத்துக்குக் கோப்பை. வெஸ்ட் கோஸ்டின் திறமைக்கு அன்று குறைவில்லை. அதைக் காட்ட வேண்டிய நேரம்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு எல்லா அணிகளும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன. பந்தைச் சுற்றி நெரிசல் கூடியது. வீரர்களை அடிக்கடி மாற்றி, களைப்பில்லாத கால்களை வைத்துக்கொண்டு அழுத்தம் கொடுப்பது வழக்கமாகியது. 2014-ல் மாற்றங்களுக்கு ஆட்டத்துக்கு 120 என்று வரம்பு வந்தது; 2016-ல் 90, 2021-ல் 75. களைத்த கால்கள் எல்லா நெரிசலுக்கும் ஓடி வர முடியாது, களம் கொஞ்சம் திறக்கும் என்பது விதி செய்தவர்களின் எண்ணம்.

எண்ணிக்கை சொல்வதும் மறைப்பதும்

பந்தை உதைத்த, குத்திய எண்ணிக்கை 1965 முதல் பதிவாகிறது. பிடிகள் 1987-லிருந்துதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலை கணக்கிலேயே இல்லை என்பதே அதன் மதிப்பு எப்படி இருந்தது என்று சொல்லிவிடும்.

கைபட்டதெல்லாம் பிடியாக எண்ணப்படுவதில்லை. எதிராளி பந்தை நன்றாக வெளியேற்றுவதைத் தடுத்திருந்தால்தான் கணக்கு. கையில் சட்டை சிக்கியும் அவர் நல்ல ஹேண்ட்பால் கொடுத்துவிட்டால் பூஜ்யம். ஆகவே எண்கள் சிறியவை. 2018-ல் ஹாதார்ன் அணியின் டாம் மிட்செல் ஒரே ஆட்டத்தில் 54 தடவை பந்தை உதைத்தும் குத்தியும் சாதனை படைத்தார். பிடிகளில் பத்தைத் தொட்டாலே அது பெரிய நாள்.

இங்கே ஒரு பொறி. அதிகம் பிடி போட்ட அணி நன்றாக ஆடிய அணி என்று பொருளல்ல. பிடிக்க வேண்டுமென்றால் பந்து எதிரணியிடம் இருக்க வேண்டுமே! தீயணைப்பு வண்டி ஓயாமல் ஓடும் ஊர், தீ அதிகம் பிடிக்கும் ஊர். தோற்கும் அணிகள் பிடி எண்ணிக்கையில் முந்துவதை அடிக்கடி காணலாம். மழை பெய்து பந்து வழுக்கினாலும் எண்கள் ஏறும். அதனால் ஒரு வீரரின் பிடிகளை மட்டும் வைத்து அவரை எடைபோடுவது தப்பு. அவர் பந்தையும் எடுக்கிறாரா, எதிரணிக்கு எத்தனை ஃபிரீ கிக் தானம் செய்கிறார், அவர் காவல் நின்ற பக்கத்திலிருந்து எத்தனை கிளியரன்ஸ் போனது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தலை விஷயம்

ஒரு காலத்தில் கைகள் இரண்டையும் கட்டி, ஆளைச் சுழற்றித் தரையில் போடுவது கைதட்டல் வாங்கிய காட்சி. இப்போது அது தடைக்குரிய குற்றம். கை கட்டுண்டவர் விழும்போது தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது, தலை நேராகத் தரையில் மோதும். மூளை அதிர்ச்சி பற்றிய அறிவு வளர வளர, பிடித்தவருக்கு ஒரு பொறுப்பும் வந்தது: கட்டியது நீ, ஆகவே பத்திரமாக இறக்குவதும் உன் கடமை. 2017-ல் ஜீலாங்கின் பாட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட், கார்ல்ட்டன் அணியின் மாத்யூ க்ரூசரைப் பிடித்து வீழ்த்திய விதத்துக்காக ஓர் ஆட்டத் தடை பெற்றார். தடை பெற்றவர் பிரவுன்லோ பதக்கத்துக்குத் தகுதி இழப்பார். முந்தைய ஆண்டு அதை வென்றிருந்த டேஞ்சர்ஃபீல்டுக்கு அந்த ஆண்டு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது.

பழைய ரசிகர்கள் சிலர், ஆட்டம் மென்மையாகிவிட்டது என்று புலம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கையைக் கட்ட வேண்டும், முதுகில் விழக் கூடாது, கழுத்தைத் தொடக் கூடாது, இப்போது ஆளையும் பத்திரமாக இறக்க வேண்டும்; இத்தனையும் ஒரு நொடிக்குள். வேலை முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது.

ஒரு காட்சி

2016 இறுதிப் போட்டி. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் (ஃபுட்ஸ்கிரேயின் இன்றைய பெயர்) அணிக்கு எதிரே சிட்னி ஸ்வான்ஸ். 1954-க்குப் பிறகு புல்டாக்ஸ் கோப்பையைத் தொட்டதில்லை. கடைசிக் கால்பகுதி, இழுபறி. சிட்னியின் நட்சத்திரம் லான்ஸ் ஃபிராங்க்ளின் பந்தோடு இருக்கிறார். டேல் மோரிஸ் துரத்திப் பிடிக்கிறார். மோரிஸ் நடுக்கள வீரர் அல்லர், பின்வரிசைக் காவலர். பிடி நடுக்களத்தின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு அவரே சாட்சி. முதுகெலும்பில் முறிவோடு அன்று ஆடினார் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. பந்து நழுவுகிறது. டாம் பாய்ட் அதை எடுத்து வெகு தொலைவிலிருந்து உதைக்கிறார். காவலே இல்லாத கோல்முகத்தில் அது துள்ளித் துள்ளி உருண்டு உள்ளே போகிறது. புல்டாக்ஸ் 89, சிட்னி 67. 62 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது.

அந்த கோலின் காணொளி இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பல துண்டுகளில் பாய்ட் உதைப்பதிலிருந்துதான் காட்சி ஓடும். சில நொடிகள் முன்னதாகவே தொடங்கும் துண்டைத் தேடிப் பாருங்கள். மோரிஸின் கைகள் எங்கே படுகின்றன என்று கவனியுங்கள்.